ஒரு ஃபோட்டான்: வேலையா, வெப்பமா?

குவாண்டம் வெப்ப இயக்கவியல் பத்தி வர்ற ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவங்களுக்கு ஒரு சொற்றொடர் பழகிப் போயிருக்கும்: "கார்னோ எல்லைக்கு அப்பால்". 2014-ல் ஒரு கட்டுரைத் தலைப்பு, 2017-ல் இன்னொண்ணு, 2022-ல் ஒரு சோதனையோட சுருக்கத்தில். எழுதினவங்க எல்லாம் தேர்ந்த இயற்பியலாளர்கள். அவங்களோட சமன்பாடுகளில் நான் தப்பு கண்டுபிடிக்கலை. என் புகார் வேற. ஒளியும் ஓர் அணுவும் ஆற்றலைக் கொடுத்து வாங்கும்போது அதில் எது வேலை, எது வெப்பம்னு முடிவு செய்யாமலேயே பயனுறுதிறன் கணக்கு போடறாங்க. இல்லைன்னா, கணக்கு அழகா வர்ற மாதிரி முடிவு செஞ்சுக்கறாங்க.

இந்தத் துறையோட முதல் கட்டுரைன்னு பலரும் சொல்றது 1959-ல் வந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்கோவில், ஷுல்ட்ஸ்-டுபுவா ரெண்டு பேரும் எழுதின "மூன்று நிலை மேசர்கள் வெப்ப எஞ்சின்களாக". மிகச் சின்னக் கட்டுரை. ஓர் அணுவுக்கு மூணு ஆற்றல் நிலை: கீழ், நடு, மேல். கீழிருந்து மேலே போற பாதையை ஒரு சூடான வெப்பத் தேக்கத்தோட இணைக்கறாங்க. மேலிருந்து நடுவுக்கு வர்ற பாதையைக் குளிர்ந்த தேக்கத்தோட. நடுவிலிருந்து கீழே இறங்கும்போது வர்ற ஃபோட்டான்தான் மேசரோட வெளியீடு. அணு ஒரு சுற்று சுற்றினா, சூடான பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஃபோட்டான் உள்ளே வருது. குளிர்ந்த பக்கத்துக்கு ஒண்ணு போகுது. மீதி வெளியே வருது. ஆக, பயனுறுதிறன்கறது வெளியீட்டு அதிர்வெண்ணை உள்ளீட்டு அதிர்வெண்ணால் வகுத்தது, அவ்வளவுதான். வெப்பநிலையே அதில் இல்லை!

வெப்பநிலை எங்கே நுழையுதுன்னா, மேசர் வேலை செய்யணும்னா நடு நிலையில் இருக்கிற அணுக்கள் கீழ் நிலையை விட அதிகமா இருக்கணும். அந்த நிபந்தனையை போல்ட்ஸ்மான் விகிதங்களில் எழுதிப் பார்த்தா, குளிர் பக்க அதிர்வெண்ணுக்கும் உள்ளீட்டு அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதம், ரெண்டு வெப்பநிலைகளோட விகிதத்துக்குக் கீழே போகக் கூடாதுன்னு வருது. அதாவது 1824-ல் கார்னோ நீராவி எஞ்சினை மனசில் வெச்சு எழுதின அதே எல்லை. நீராவி இல்லை, பிஸ்டன் இல்லை, ஓர் அணுவோட மூணு படிகள் மட்டும். சரியா எல்லையைத் தொடும்போது நடு நிலையும் கீழ் நிலையும் சமமாகி மேசர் நின்னு போகுது. கார்னோ எஞ்சின் எல்லையைத் தொடணும்னா முடிவில்லாத நேரம் எடுத்துக்கும்னு பாடப் புத்தகத்தில் படிச்சிருப்போமே, அதோட அணு வடிவம் இது.

இந்தக் கட்டுரையை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கறதுக்குக் காரணம் அதோட நேர்மை. வெளியே வர்ற ஃபோட்டானை அவங்க வேலைன்னு எடுத்துக்கறாங்க. அப்படி எடுத்துக்கறதோட அர்த்தம், அந்த ஒளிக்கு என்ட்ரோபி பூஜ்யம்னு வெச்சுக்கறது; வேற விதமா சொன்னா அதோட வெப்பநிலை முடிவிலின்னு வெச்சுக்கறது. ஏற்கெனவே வலுவா இருக்கிற ஓர் அலையை மேசர் பெருக்கும்போது இது நல்ல தோராயம். எது தேக்கம், எது வேலைங்கறது மேஜை மேல் பரப்பி வெச்சிருக்கு. யாரும் கேள்வி கேட்கலாம்.

அப்புறம் 2003. ஸ்கல்லி, சுபைரி, அகர்வால், வால்தர் நாலு பேரும் சயன்ஸ் இதழில் எழுதின கட்டுரை. கண்ணாடிகளுக்கு நடுவே பிடிச்சு வெச்ச ஒளிதான் இங்கே நீராவி, கண்ணாடிதான் பிஸ்டன், கதிரழுத்தம் அதைத் தள்ளுது. சூடான அணுக்களை ஒண்ணுக்குப் பின்னால் ஒண்ணா அந்த இடத்துக்குள் அனுப்பி ஒளியைச் சூடாக்கறாங்க. இந்த அணுக்களுக்கு மேலே ஒரு நிலை, கீழே கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் ரெண்டு நிலைகள். அந்தக் கீழ் நிலைகள் ரெண்டுக்கும் நடுவே துளியூண்டு கோஹிரன்ஸ் இருந்தா, அதாவது கட்டம் மாறாத ஒரு குவாண்டம் உறவு இருந்தா, அணு ஒளியை உறிஞ்சறது குறையும் அல்லது கூடும். குறையற மாதிரி கட்டத்தை அமைச்சா, ஒளியோட வெப்பநிலை அணுக்களோட வெப்பநிலையை விட உசந்து நிக்கும். அப்புறம் என்ன, சூடும் குளிரும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எஞ்சின் ஓடும். ஒரே தேக்கத்திலிருந்து வேலை!

கட்டுரையோட உண்மையான சாமர்த்தியம் ஒரு பெருக்கலில் இருக்கு. கோஹிரன்ஸ் எவ்வளவு சின்னதா இருந்தாலும், வெப்பநிலை மாற்றத்தில் அது சராசரி ஃபோட்டான் எண்ணிக்கையால் பெருக்கப்பட்டு வருது. ஆயிரம் ஃபோட்டான் இருக்கிற இடத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கோஹிரன்ஸ் கிட்டத்தட்ட பத்து சதவீத மாற்றமா பெருகிடும். அதனால்தான் "மறைந்துபோகும் கோஹிரன்ஸ்"னு தலைப்பிலேயே போட முடிஞ்சுது. இரண்டாம் விதி மீறப்படலைன்னு கட்டுரைச் சுருக்கத்திலேயே சொல்லிடறாங்க, அதையும் மறைக்கலை. கோஹிரன்ஸ் தானா வராது. வெளியிலிருந்து யாராவது கட்டம் சரியா இருக்கிற ஒரு அலையால் அணுக்களைத் தட்டிக் கொடுக்கணும்.

ஆனா தலைப்பில் இருக்கிறது "ஒரே வெப்பத் தேக்கம்". அந்தத் தட்டிக் கொடுத்தல் தேக்கத்துக்குள்ளேயே போயிடுச்சு. வீட்டு அரிசியில் இட்லி சுட்டு வித்து, "முதலீடே இல்லாம லாபம்"னு சொல்ற மாதிரி. அடிக்குறிப்பில் அரிசி வீட்டிலிருந்து வந்ததுன்னு எழுதியிருந்தாலும், கேட்கிறவங்க மனசில் நிக்கப் போறது லாபம்தான்.

2014-ல் இது இன்னும் ஒரு படி மேலே போச்சு. ரோஸ்நாகல், லுட்ஸ் முதலியோர் எழுதின "கார்னோ எல்லைக்கு அப்பால் நானோ வெப்ப எஞ்சின்". இங்கே சூடான தேக்கம் ஸ்க்வீஸ் செய்யப்பட்டது. சாதாரண வெப்பச் சலனத்தைப் படமா வரைஞ்சா வட்டமா இருக்கும். நிலையிலும் உந்தத்திலும் ஒரே அளவு நடுக்கம். சப்பாத்தி மாவை ஒரு பக்கமா மட்டும் உருட்டினா வட்டம் நீள்வட்டம் ஆகுமில்லையா, அதுதான் ஸ்க்வீஸ். பரப்பு மாறாது, அதனால் என்ட்ரோபி மாறாது. ஆனா ஆற்றல் கூடும். ஸ்க்வீஸ் அளவைக் கூட்டிக்கிட்டே போனா பயனுறுதிறன் நூறு சதவீதத்தை நெருங்கும்னு காட்டினாங்க.

இதை எண்களோட பார்க்கறது நல்லது. குளிர் 300 கெல்வின், சூடு 400 கெல்வின். கார்னோ எல்லை 25 சதவீதம். இப்போ சூடான தேக்கத்தை ஸ்க்வீஸ் செய்யறோம், அளவு 1-னு வெச்சுக்குவோம். உயர் வெப்பநிலையில் அதோட ஆற்றல் 3.76 மடங்கு ஆகுது. அந்தக் கட்டுரையோட பொது எல்லை வாய்ப்பாட்டில் போட்டா, 400 கெல்வின் இருந்த இடத்தில் 1,505 கெல்வின் வருது. எல்லை 80 சதவீதம். 25 எங்கே, 80 எங்கே!

சரி, இப்போ வரவு செலவு. ஸ்க்வீஸ் செய்யறதுக்கு முன்னால் தேக்கத்தில் ஒரு அதிர்வு முறையோட ஆற்றல் 1 பங்கு. ஸ்க்வீஸ் செஞ்ச பிறகு 3.76 பங்கு. என்ட்ரோபி மாறாததால் கூடின 2.76 பங்கும் வேலையா உள்ளே போட்டது, வெப்பம் அதில் ஒரு சொட்டுகூட இல்லை. எஞ்சின் வாங்கிக்கிற ஆற்றலும் இதே விகிதத்தில் பிரியுதுன்னு எளிமைக்காக வெச்சுக்குவோம். 3.76-ல் 80 சதவீதம்னா கிடைக்கிற வேலை 3.01. அதில் நாமளே போட்டது 2.76. கழிச்சா மிச்சம் 0.25. உண்மையில் வெப்பமா வந்தது 1 பங்கு. ஆக 25 சதவீதம்.

கார்னோ அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கார். இது எண்கள் தற்செயலா ஒத்துப் போனதும் இல்லை. ஸ்க்வீஸ் அளவு எதுவா இருந்தாலும் இந்தக் கழித்தல் 25-லதான் வந்து நிக்கும். ஒரு வரி அல்ஜீப்ரா, செஞ்சு பார்த்துக்கலாம். நிஜமான சுழற்சியில் ஆற்றல் இவ்வளவு ஒழுங்கா பிரியாது, அப்போ மிச்சம் குறையலாம். முழுப் பூசணிக்காயைச் சோத்தில் மறைக்கிறதுன்னு சொல்வாங்களே, இங்கே பூசணிக்காய் 2.76 பங்கு, சோறு 1 பங்கு.

"அப்படின்னா சோதனைச்சாலையோட கரண்ட் பில்லையும் சேர்க்கணுமா?"னு ஒரு எதிர்வாதம் உண்டு. நீராவி எஞ்சினுக்குக் கணக்கு போடும்போது நிலக்கரியை வெட்டின கூலியை யாரும் சேர்க்கறதில்லையேன்னு. நியாயமான கேள்விதான். வேக்குவம் பம்ப், லேசர் கூலர் இதையெல்லாம் சேர்க்கச் சொல்லலை நான். அதெல்லாம் கருவி மோசமா இருக்கிறதால் வர்ற செலவு. நல்ல கருவி வந்தா குறையும். ஸ்க்வீஸ் செய்யற 2.76 பங்கு அந்த ரகம் கிடையாது. எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் அது குறையாது, ஏன்னா அது தேக்கத்தோட நிலையிலேயே எழுதியிருக்கிற ஆற்றல். அதைத் திரும்ப வேலையா எடுக்கறதுக்கு எஞ்சினே தேவையில்லை. சப்பாத்தியைத் திரும்ப வட்டமாக்கினா போதும், போட்டது வந்துடும்.

இப்படி வெப்பமே படாம, ஒரு நிலையிலிருந்து வெறும் கட்டுப்பாட்டால் வெளியே எடுக்கக்கூடிய வேலைக்கு ஒரு பெயர் இருக்கு: எர்காட்ரோபி. 2004-ல் அல்லாவெர்டியன், பாலியன், நியூவென்ஹைசன் மூணு பேரும் வெச்ச பெயர். வெப்பச் சமநிலையில் இருக்கிற பொருளுக்கு எர்காட்ரோபி பூஜ்யம். ஸ்க்வீஸ் செஞ்சதுக்கு இருக்கு. கோஹிரன்ஸ் உள்ள அணுவுக்கும் இருக்கு. நீடென்சு, குரிஸ்கி குழு 2018-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் இந்தப் பிரிப்பைப் பயன்படுத்தி, வெப்பமல்லாத தேக்கங்களிலிருந்து வர்ற ஆற்றலில் ஒரு பகுதி வேலை மாதிரிதான்னு தெளிவாக்கினாங்க. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கறதில் நல்ல பங்களிப்பு அது. ஆனா பாருங்க, அவங்க தலைப்பிலேயும் "இரண்டாம் விதிக்கு அப்பால்"னு ஒரு வால். அந்தச் சொல்லுக்கு இருக்கிற கவர்ச்சி யாரையும் விடறதில்லை.

2022-ல் சோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு நேச்சர் ஃபோட்டானிக்ஸில் வெளியிட்ட சோதனை, ஸ்கல்லி யோசனையோட முதல் நேரடி வடிவம்னு சொல்லலாம். அணுக்களைக் கோஹிரன்ஸோட தயார் செஞ்சு, கண்ணாடிகளுக்கு நடுவே அனுப்பினா, அவை ஒண்ணோட ஒண்ணு கட்டம் சேர்ந்து ஒளியை வெளிவிடுது. சூப்பர்ரேடியன்ஸ். வெளியீடு அணுக்களோட வரத்து வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடுது. எஞ்சினோட "பயன் வெப்பநிலை" சுமார் 40 மடங்கு உசந்து, பயனுறுதிறன் ஒண்ணை நெருங்குச்சுன்னு சொல்றாங்க. அணு ஒளியியல் சோதனையா பார்த்தா அபாரம். தனித்தனி அணுக்களோட கட்டத்தை இவ்வளவு கட்டுப்பாட்டில் வெச்சிருக்கறது சின்ன விஷயமே இல்லை.

ஆனா "வெப்ப எஞ்சின்"னு சொன்ன உடனே எனக்கு இடிக்குது. அணுக்களுக்கு ஆற்றலையும் கட்டத்தையும் ஒரு லேசர் கொடுக்குது. அணுக்கள் அதைக் கொண்டு போய் இன்னொரு இடத்தில் கட்டம் மாறாம கொட்டுது. லேசர் ஒளி உள்ளே, கிட்டத்தட்ட லேசர் மாதிரியான ஒளி வெளியே. வேலையை வேலையா மாத்தற கருவிக்குப் பயனுறுதிறன் ஒண்ணை நெருங்கறது எதிர்பார்க்க வேண்டியதுதானே? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 95 சதவீதத்துக்கு மேல் கொடுக்குது. அது கார்னோவைத் தாண்டிட்டதா நாம சொல்றதில்லை.

இந்த இடத்தில் ரோஸ்நாகல் குழுவோட 2016 சோதனையையும் பக்கத்தில் வெச்சுப் பார்க்கணும். மைன்ஸ் நகரில், புனல் வடிவப் பொறியில் ஒரே ஒரு கால்சியம் அயனியைப் பிடிச்சு, மின்புல இரைச்சலால் சூடாக்கி, லேசரால் குளிர்விச்சு ஓட்டின எஞ்சின். ஸ்க்வீஸ் இல்லை, சாதாரண வெப்பம்தான். கிடைச்ச பயனுறுதிறன் 0.28 சதவீதம். திறன் ஒரு விநாடிக்கு 3.4 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 22 ஜூல். கால்சியம் அயனியைக் குளிர்விக்கப் பயன்படற 397 நானோமீட்டர் ஊதா ஒளியில் ஒரே ஒரு ஃபோட்டானுக்குச் சமமான ஆற்றலைச் சேர்க்க இந்த எஞ்சின் சுமார் 25 நிமிஷம் ஓடணும். கேலி செய்ய இதைச் சொல்லலை. 0.28-னு பளிச்சுனு எழுதின அந்தக் கட்டுரை, "அப்பால்"னு எழுதின கட்டுரைகளை விட எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஓர் ஒற்றை அயனியை வெச்சு அளந்த சுழற்சி அது.

தலைப்புக்கு வருவோம். ஓர் அணுவிலிருந்து வர்ற ஒளியில் எவ்வளவு வேலை? எர்காட்ரோபி ஒரு பதில் சொல்லுது. இன்னொரு பதிலும் புழக்கத்தில் இருக்கு: ஒளியோட மின்புலத்துக்குச் சராசரி மதிப்பு இருந்தா, அதாவது கட்டம் தெரிஞ்ச அலை மாதிரி இருந்தா, அந்தப் பகுதி வேலை, மீதி வெப்பம். ஆன்டெனாவோ பெருக்கியோ அப்படித்தான் ஒளியைப் பார்க்கும். ரெண்டு வரையறையும் கேட்க நியாயமா இருக்கு. ரெண்டையும் ஒரு ரெண்டு நிலை அணு மேல் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அணு முழுக்க மேல் நிலையில் இருக்கு. ஒரு ஃபோட்டானை வெளிவிடுது. இந்த ஒற்றை ஃபோட்டான் சுத்தமான குவாண்டம் நிலை; என்ட்ரோபி பூஜ்யம்; எர்காட்ரோபிப்படி ஆற்றல் முழுக்க வேலை. ஆனா ஒற்றை ஃபோட்டானோட மின்புலத்துக்குச் சராசரி பூஜ்யம், கட்டமே கிடையாது. ரெண்டாவது வரையறைப்படி வேலை பூஜ்யம், அத்தனையும் வெப்பம்.

அடுத்து, அணுவை மேலும் கீழும் சரிபாதியா கோஹிரன்ஸோட வைப்போம். வெளிவர்ற சராசரி ஆற்றல் அரை ஃபோட்டான். எர்காட்ரோபி: அரையும் வேலை. கட்டக் கணக்கு: கால் வேலை, கால் வெப்பம், அதாவது பாதிக்குப் பாதி. கோஹிரன்ஸ் இல்லாம வெறும் சரிபாதிக் கலவையா வெச்சா, அதே அரை ஃபோட்டான் ஆற்றல், ரெண்டு கணக்கிலும் வேலை பூஜ்யம்.

முதல் உதாரணத்தைக் கவனிங்க. ஒரே அணு, ஒரே ஃபோட்டான். ஒரு வரையறை நூறு சதவீதம்கறது, இன்னொண்ணு பூஜ்யம்கறது. இடைவெளி இவ்வளவு பெரிசா இருக்கும்போது, வரையறையைச் சொல்லாம "பயனுறுதிறன் இத்தனை"ன்னு ஒருத்தர் சொன்னா அதை நான் என்ன செய்யறது?

இது முதல் தடவையும் இல்லை. 1929-ல் பிரிங்ஸ்ஹைம், ஒளியை வாங்கி அதை விட அதிக ஆற்றலுள்ள ஒளியை விடற பொருள் தானே குளிர முடியும்னு சொன்னார். சோவியத் இயற்பியலாளர் வவிலோவ் முடியாது, இரண்டாம் விதி விடாதுன்னார். 1946-ல் லாண்டாவ் தீர்த்து வெச்சது, ஒளிக்கும் என்ட்ரோபி உண்டுன்னு கணக்கில் சேர்த்து: உள்ளே போறது ஒரே திசையில், ஒரே நிறத்தில் போற ஒளி, வெளியே வர்றது எல்லாப் பக்கமும் சிதறின ஒளி. பொருளோட என்ட்ரோபி அந்தச் சிதறலில் ஏறிப் போயிடுது. 1995-ல் லாஸ் அலமோஸில் இட்டெர்பியம் கலந்த கண்ணாடி லேசரால் உண்மையாவே குளிர்ந்தது. அந்தச் சண்டை தீர்ந்ததே கணக்குப் புத்தகத்தில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்ததால்தான்.

இன்னைக்கு அந்த வரியைச் சேர்க்கறவங்களும் இருக்காங்க. பிரான்ஸில் ஆஃபேவ், செனெலார் குழுக்கள் 2023-ல் ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸில் வெளியிட்ட சோதனை அப்படி ஒண்ணு. ஒரு குவாண்டம் டாட் தன்னிச்சையா ஒளி விடும்போது, ஆற்றலில் எவ்வளவு கட்டத்தோட போகுது, எவ்வளவு கட்டமில்லாம போகுதுன்னு பிரிச்சு அளந்தாங்க. எந்த வரையறையைப் பயன்படுத்தறோம்னு ஆரம்பத்திலேயே சொல்லிட்டு, அப்புறம்தான் அளவு. டாட்டோட ஆரம்பக் கோஹிரன்ஸைப் பொறுத்து வேலைப் பகுதி மாறுது, அதிகபட்சம் பாதி வரைக்கும். மேலே பென்சிலால் போட்ட அந்தக் கால்-கால் கணக்கு, ஒரு குறைக்கடத்திச் சில்லில்.